சாங்கியில் ஏழு மணி நேரம், ஜுவல் போகாமலே

வணக்கம் மக்களே! பின்னால் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம், டெர்மினல் 3. திருச்சியிலிருந்து காலையில் வந்து இறங்கினேன், மெல்பர்ன் விமானம் சாயங்காலம்தான், நடுவில் ஏழு மணி நேரம் ட்ரான்சிட்.

சாங்கி என்றதும் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், ஜுவல் போய்ப் பார். நான் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். ஜுவல் 2019-இல் திறந்தது, மோஷே சஃப்டி வடிவமைத்த கண்ணாடிக் கட்டடம், கூரை நடுவிலிருந்து 40 மீட்டர் உயர அருவி கொட்டுகிறது, கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது. எல்லாம் சரி. ஆனால் அது இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது! ட்ரான்சிட் பகுதியிலிருந்து அப்படியே நடந்து போய்விடலாம் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசா வேண்டும், இல்லையென்றால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி சில நாட்டு விசா கையில் இருந்து, அந்த 96 மணி நேர விசா இல்லா ட்ரான்சிட் சலுகைக்கு நீங்கள் பொருந்த வேண்டும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அப்புறம் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பணும், வெளியே போக ஒரு வரிசை, திரும்பி வர இன்னொரு வரிசை. இவ்வளவும் செய்து உள்ளே போனால் அருவியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கடைகள். தி.நகர் பார்க்காதவர்களா நாம்?

விசா இருக்கிறது, கையில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றால், விமான நிலையமே நடத்தும் இலவச சிங்கப்பூர் டூரில் இடம் கேளுங்கள். சுமார் இரண்டரை மணி நேரம், பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டி வந்துவிடுவார்கள். ஜுவலுக்கு அது எவ்வளவோ மேல்.

சரி, அருவியைப் பார்க்கணும் என்று ஆசை இருக்கிறதே, அதற்கு ஒரு வழி இருக்கிறது. டெர்மினல் 3-க்கும் 2-க்கும் நடுவில் ஓடும் ஸ்கைட்ரெய்ன் ஜுவலுக்குள் புகுந்துதான் போகிறது. இதோ ஏறிவிட்டேன், கேமராவைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கிறேன்... வருகிறது பாருங்கள், பச்சை மரங்கள், நடுவில் வெள்ளையாக... அவ்வளவுதான், போய்விட்டது. சில நொடிகள்தான், ஆனால் காசு கிடையாது, விசா கிடையாது, திருப்தி வரும் வரை போய்ப் போய் வரலாம்.

இப்போது மறுபடியும் டெர்மினல் 3, பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குள் வந்துவிட்டேன். படம் மங்கலாகத் தெரிகிறதா? ஏசியிலிருந்து இந்தப் புழுக்கத்துக்குள் வந்ததும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது, இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். சாங்கியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். 2008-இல் இந்த டெர்மினலோடு சேர்த்துத் திறந்தார்கள், விமான நிலையத்துக்குள் பட்டாம்பூச்சித் தோட்டம் என்று உலகில் முதலில் வந்தது இது. இரண்டு மாடி, 6 மீட்டர் அருவி ஒன்று, தட்டுகளில் அன்னாசித் துண்டு வைத்திருக்கிறார்கள், அதில் உட்கார்ந்து உறிஞ்சுகின்றன. இந்தப் பக்கம் கண்ணாடிக்குள் கூட்டுப்புழுக்கள் தொங்குகின்றன பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று கூட்டைவிட்டு வருவதையே பார்க்கலாம், நான் வெகுநேரம் நின்றேன், ஒன்றும் அசையவில்லை. பகலில் வாருங்கள், ராத்திரி வந்தால் எல்லாம் இலைக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் செடியைத்தான் படம் எடுக்க வேண்டும்.

வெளியே ஒரு அம்மாவைப் பார்த்தேன், பெர்த்தில் மகளுக்குப் பிரசவம், தனியாகப் போகிறாராம். சர்க்கரைக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துகொண்டிருந்தார். "நம்ம தெருவில் நாய் துரத்தும் தம்பி, இங்கே தரையைப் பாரு, கார்ப்பெட்" என்றார். அவரைப் படம் எடுக்கவில்லை, கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

சாப்பாட்டுக்குக் காயா டோஸ்ட். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை போட்டுக் காய்ச்சிய ஜாம், நடுவில் வெண்ணெய்த் துண்டு, கூடவே அரைவேக்காட்டு முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் கவனம், காயாவிலேயே முட்டை இருக்கிறது. கோப்பி என்று மட்டும் கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி இனிப்பாக வரும், பால் வேண்டாம் என்றால் கோப்பி ஓ, சர்க்கரையும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கோசோங். நம் ஃபில்டர் காபி நாக்குக்கு இது கொஞ்சம் கருகின மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்கும்.

தூங்க வேண்டுமென்றால் ஸ்னூஸ் லவுஞ்ச் இருக்கிறது, இலவசம், முதலில் வந்தவருக்கு இடம். அலாரம் வைக்கும்போது மணியைப் பாருங்கள், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். போன் வைஃபையில் சேர்ந்தால் மாறிவிடலாம், கைக்கடிகாரம் மாறாது.

அப்புறம் முக்கியமானது, இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்திருந்தால் பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்று ஊரிலேயே செக்-இன் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். போகாது என்றால் அதை எடுக்கவே இமிக்ரேஷன் தாண்டணும், அப்போது விசா கதை மறுபடி ஆரம்பிக்கும்.

டெர்மினல் 1, 2, 3 மூன்றிலும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும், டெர்மினல் 4-இல் மட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில், அங்கே ஸ்கைட்ரெய்னும் கிடையாது, பஸ்தான். அதனால் இங்கே கடைசி நேரத்தில் ஓடி வந்து ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், கேட்டிலும் ஒரு வரிசை இருக்கும். தண்ணீர் பாட்டிலையும் அங்கே காலி செய்யச் சொல்வார்கள். கழிவறை வேலையையும் முடித்துவிட்டே போங்கள்.

என் கேட் எண் போர்டில் வந்துவிட்டது. பாட்டிலில் பாதித் தண்ணீர் இருக்கிறது, குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். மெல்பர்னில் குளிர் என்கிறார்கள், அடுத்த வீடியோவில் ஸ்வெட்டரோடு பார்க்கலாம்.