பனி அரைத்த நீலம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று உங்களை ஒரு மலை ஏரியின் கரைக்குக் கூட்டிப் போகிறேன். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மொரெய்ன் ஏரி.

மொரெய்ன் என்றால் பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்மேடு. ஏரியின் ஒரு முனையில் அப்படியொரு பாறைக் குவியல் உண்டு. அதைப் பார்த்துத்தான் 1899இல் வால்டர் வில்காக்ஸ் என்ற மலையேறி இந்தப் பெயரை வைத்தார். அது மலைச்சரிவிலிருந்து உருண்டு விழுந்த பாறைகளாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள் பின்னால் வந்தவர்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் குவியல்மீது ஏறி நில்லுங்கள். எதிரே பத்துச் சிகரங்கள். கீழே, யாரோ சாயம் கொட்டிவிட்டார்களோ என்று எண்ண வைக்கும் நீலம். அப்புறம் கரைக்கு இறங்கி ஒரு கை அள்ளிப் பாருங்கள், உள்ளங்கையில் நிறமே இருக்காது! மேலே மலையில் பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை மாவாக அரைக்கிறது. உருகிய நீரோடு வரும் அந்த நுண்ணிய தூள் அடியில் படியாமல் மிதக்கிறது. வெயில் பட்டதும் நீலத்தையும் பச்சையையும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஜூன் தொடக்கத்தில் போனால் நீர் குறைவு, நிறமும் வெளிறித்தான் இருக்கும். பனி உருக உருக ஏரி நிரம்பி, நிறமும் ஏறும்.

விடியற்காலையில் வெளிச்சம் முதலில் சிகரங்களில் பட்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். காற்று இல்லாவிட்டால் பத்துச் சிகரங்களும் நீரில் தலைகீழாக நிற்கும். சிறு காற்று போதும், அத்தனையும் கலைந்துவிடும். ஆனால் வெயில் ஏறியபின்தான் நீலம் முழுதாகத் தெரியும். அதனால் காலையில் பார்த்தோம், கிளம்பினோம் என்று இருந்துவிடாதீர்கள்.

கரையிலிருந்து ஒரு பாதை லார்ச் மரக்காட்டுக்கு ஏறுகிறது. ஊசியிலை மரங்களில் இது ஒரு தனிப் பிறவி. செப்டம்பர் பிற்பகுதியில் பொன்னிறமாகி, இலைகளை உதிர்த்துவிடும். தொட்டால் குத்தாத, பூப்போன்ற ஊசிகள்.

2023 முதல் சொந்தக் கார்களுக்கு அங்கே அனுமதியில்லை, பெரும்பாலும் பேருந்தில்தான் போக வேண்டும். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஏரி வழிந்தோடும் இடத்தில் மிதந்து வந்த மரக்கட்டைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் அடியில் நீர் புகுந்தோடும் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்கும்.