பெயரைக் கடைசியில் சொல்பவர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்காக என்னை அழைத்தபோது நிலையத்தார் கேட்ட கேள்வி இதுதான்: "படித்தவர்கள்கூட ஆளை ஏமாற்றிச் சேர்க்கும் மதக் குழுக்களில் எப்படிப் போய் விழுகிறார்கள்?" எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருப்பதாகப் படுகிறது. அந்தக் குழுவில் சேர வேண்டும் என்று யாரும் கிளம்பிப் போவதில்லை. ஒரு விருந்துக்குப் போகிறார்கள், கைரேகை பார்க்கப் போகிறார்கள், யோகா கற்றுக்கொள்ளப் போகிறார்கள். குழுவின் பெயர் பிறகுதான் வருகிறது. அது வருவதற்குள் போனவரின் வாழ்க்கையில் பாதி அங்கே குடியேறிவிடுகிறது.

நான் பல குழுக்களைப் பற்றிப் பேசப்போவதில்லை. யூனிஃபிகேஷன் சர்ச் என்ற ஒரே சபையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதன் ஆள்சேர்ப்பு முறை இரண்டு நாடுகளில் நீதிமன்றம் வரை போய், விவரமாகப் பதிவாகியிருக்கிறது. 1954இல் தென்கொரியாவின் சியோலில் சன் மியுங் மூன் என்பவர் தொடங்கிய சபை அது. இயேசு முடிக்காமல் விட்ட பணியை முடிக்க வந்த மெசியா, அதாவது மீட்பர், அவரே என்பது அவர்களின் நம்பிக்கை. முன்பின் பழகாத ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில், ஒரே மைதானத்தில் திருமணம் செய்துவைத்த படங்களை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அந்தச் சபைதான்.

1979 ஜனவரி, சான் பிரான்சிஸ்கோ. 27 வயது இளைஞர் ஒருவர் பேருந்துக்காகக் காத்திருக்கிறார். சட்டம் படித்து முடித்தவர். அவர் வயதையொத்த இரண்டு பேர் வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். தாங்கள் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள், சமூக அக்கறை உள்ளவர்கள், ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம், மாலையில் கூடி நல்ல விஷயங்களைப் பேசுவோம் என்கிறார்கள். இன்று இரவு சாப்பிட வாருங்களேன் என்று கூப்பிடுகிறார்கள். அந்த இளைஞர் சட்டம் படித்தவர் இல்லையா, சரியான கேள்வியைத்தான் கேட்டார்: உங்களுக்கு மதத் தொடர்பு ஏதாவது உண்டா? இல்லை என்று பதில் வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கேட்டார். பொய்யான பதில் கிடைத்தது.

விருந்தில் வந்தவர்களைத் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். புதிதாக வந்த இரண்டு பேர் தமக்குள் பேசிக்கொள்ள இடமே இல்லாதபடி ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் உறுப்பினர். சாப்பாடு முடிந்து ஒரு சொற்பொழிவு, அப்புறம் பூன்வில் என்ற கிராமப்புறப் பண்ணையின் படக்காட்சி. ஓய்வெடுக்க அருமையான இடம், வேன் இப்போதே கிளம்புகிறது, மாற்றுத்துணி இல்லையா, நாங்கள் தருகிறோம். யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பது இங்கே தற்செயல் அல்ல. வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பண்ணையில் விடிந்ததிலிருந்து இரவு வரை நிகழ்ச்சி நிரல்தான். உடற்பயிற்சி, பாட்டு, சொற்பொழிவு, சிறு குழுவில் கலந்துரையாடல், மறுபடியும் சொற்பொழிவு. தனியாக நடந்துவிட்டு வரலாம் என்றால் கூடவே ஒருவர் வருவார். அதுவும் முகம் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே. நீங்கள் பேசுவதையெல்லாம் ஆச்சரியத்தோடு கேட்பார்கள், பாராட்டுவார்கள். ஊரில் யாரும் சீந்தாத ஓர் இளைஞனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். "லவ் பாம்பிங்" என்று ஆங்கிலத்தில் அதற்கே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. அந்த அன்பு முழுக்க நடிப்பு என்றும் சொல்ல முடியாது. அங்கே இருந்தவர்களில் பலர் அதே வேனில் அதே மாதிரி வந்தவர்கள்தான். தாங்கள் இந்த மனிதரைக் காப்பாற்றுகிறோம் என்று மனசார நம்பினார்கள்.

ஆண்டவனுக்காகச் சொல்லும் பொய் பாவமில்லை என்று தங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதாக முன்னாள் உறுப்பினர்கள் பலர் பின்னாளில் சொன்னார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிப் பொய். இங்கே மாப்பிள்ளை யார் என்பதே பொய்.

அந்த இளைஞருக்கு உண்மையான பெயர் தெரியவந்தபோது பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அவருக்கு அங்கே நண்பர்கள் இருந்தார்கள், தினசரி ஒழுங்கு இருந்தது, வெளியுலகம் தள்ளிப் போயிருந்தது. குழம்பினார், ஆனாலும் தங்கினார். பிறகு சபைக்கு 6,000 டாலரும் கொடுத்தார். வெளியே வந்தபின் வழக்குத் தொடர்ந்தார். 1988இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதில் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டது. ஒருவரின் நம்பிக்கை உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் ஆராயாது. ஆனால், தாங்கள் யார் என்பதை மறைத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போவது நடத்தை, அது நம்பிக்கை அல்ல, அதற்காக வழக்குப் போடலாம் என்றது. எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. "மூளைச்சலவை" என்று நாம் சட்டென்று சொல்லும் வார்த்தையை விட இது துல்லியமானது.

ஏனென்றால் அந்த வார்த்தை, போனவர் எல்லோரும் மந்திரம் போட்டதுபோல் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைக்க வைக்கிறது. அப்படி நடக்கவில்லை. 1979இல் லண்டன் பகுதியில் இதே சபையின் இரண்டு நாள் முகாம்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியல் அறிஞர் அவர்களைக் கணக்கெடுத்தார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சேரவில்லை. சேர்ந்தவர்களிலும் பலர் இரண்டு ஆண்டுக்குள் தாமாகவே விலகிவிட்டார்கள். ஆக, தடுக்கவே முடியாத சக்தி ஏதும் அங்கே இல்லை. நிறையப் பேரை அழைத்துவந்து, தங்குகிற சிலரை வைத்து நடத்தும் வேலை அது. அப்படி நடத்த வேண்டுமானால் வாசல் அகலமாக இருக்க வேண்டும். பெயரை வாசலிலேயே எழுதி வைத்தால் யார் வருவார்?

மூளைச்சலவை என்ற எண்ணத்தால் இன்னொரு கேடும் வந்தது. பெற்றோர் ஆள் வைத்துத் தங்கள் வயது வந்த பிள்ளைகளைக் கடத்தி, அறையில் பூட்டி "மனதை மாற்ற" முயன்றார்கள். ஜப்பானில் ஓர் உறுப்பினரைக் குடும்பத்தாரே 12 ஆண்டுகளுக்கு மேல் அடைத்துவைத்திருந்தார்கள். அவர் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கினார், இன்றைக்கும் சபையில்தான் இருக்கிறார். பயந்துபோன குடும்பத்தின் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் இது குற்றம், அதோடு பலனும் இல்லை.

இனி ஜப்பானுக்கு வருகிறேன், கதை அங்கேதான் ஆழமாகப் போகிறது. 1964இல் அங்கே இந்தச் சபை மத அமைப்பாகப் பதிவு பெற்றது. அமெரிக்காவில் முதுகுப் பையோடு ஊர் சுற்றும் இளைஞர்களைத் தேடினார்கள் என்றால், ஜப்பானில் இளைஞர்களோடு நடுத்தர வயதுப் பெண்களையும் தேடினார்கள். பணம் அங்கே இருந்தது.

தெருவிலோ வீட்டு வாசலிலோ ஒரு பெண் வருவார். கையில் ஒரு கேள்வித்தாள். உங்களுக்கு இப்போது எதில் அதிக ஆர்வம், எதைப் பற்றிக் கவலை, குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றெல்லாம் கேட்பார். அல்லது இலவசமாகக் கைரேகை பார்க்கிறேன், பெயர் ராசி பார்க்கிறேன் என்பார். கேட்கிற கேள்விக்கு நாம் சொல்லும் பதில் அவருக்கு வேண்டிய சரக்கு. இறந்துபோன குழந்தை, குடிகாரக் கணவர், நோயில் கிடக்கும் மாமியார், வங்கியில் எவ்வளவு, சொந்த வீடா வாடகை வீடா எல்லாம் நம் வாயாலேயே வந்துவிடும். சில நாள் கழித்து, "அபூர்வமான ஒரு குரு ஊருக்கு வந்திருக்கிறார், அவரைப் பார்ப்பதே கஷ்டம், உங்களுக்காகக் கேட்டுப் பார்க்கிறேன்" என்று அழைத்துப் போவார்கள். அந்தக் குரு நம் முகத்தைப் பார்த்ததும் நம் வீட்டுக் கதையைச் சொல்வார். சொல்லாமல் என்ன செய்வார், குறிப்பு அவர் கையில் முன்பே போயிருக்கும்! முன்னோர் செய்த பாவம் தொடர்கிறது, பரிகாரம் வேண்டும் என்பார். பரிகாரம் என்பது ஒரு ஜாடியாகவோ, சின்னக் கோபுரமாகவோ, ஜப்பானியர் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரையாகவோ இருக்கும். விலை பல லட்சம் யென். இந்த வியாபாரத்தை எதிர்க்கவே 1987இல் நாடு தழுவிய ஒரு வழக்கறிஞர் அணி உருவானது.

ஜாடி வாங்குவதோடு முடிந்தால் அது வெறும் மோசடி. முடியவில்லை. அடுத்து "வீடியோ சென்டர்" என்ற இடம். வாழ்க்கையைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, வரலாற்றைப் பற்றிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் வீடியோக்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். பார்த்து முடித்ததும் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு நாள் முகாம், நான்கு நாள் முகாம், மாதக்கணக்கில் பயிற்சி. ஒவ்வொரு படியிலும் அடுத்த படி எது என்பது மட்டும் தெரியும், உச்சி எது என்பது தெரியாது. இடையில் ஓர் அறிவுரை நிச்சயம் வரும்: "இதை இப்போதைக்கு வீட்டில் சொல்ல வேண்டாம். அரைகுறையாகச் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். முழுவதும் கற்றுக்கொண்ட பிறகு நீங்களே அழகாக விளக்கலாம்." எல்லா ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் அபாயமாகத் தெரிவது இந்த அறிவுரைதான். மற்றதையெல்லாம் ஒரு அம்மாவோ தோழியோ ஒரு வாக்கியத்தில் உடைத்துவிட முடியும். அவர்களிடம் போக விடாமல் செய்துவிட்டால் உடைக்க ஆள் இல்லை.

மூன் என்ற பெயரும் மெசியா என்ற சேதியும் பயிற்சியின் பின்பகுதியில்தான் வரும். முன்னாள் உறுப்பினர்களான பெண்கள் 20 பேர் சப்போரோ நகரில், பறிபோன எங்கள் இளமையைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார்கள். 1987இல் தொடங்கிய வழக்குக்கு 2001 ஜூனில் தீர்ப்பு வந்தது. மத அமைப்பு என்பதையே மறைத்து, கவலையைக் கிளறி, படிப்படியாக இழுத்த அந்த முறை சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். கலிஃபோர்னியாவும் சப்போரோவும் வேறு வேறு சட்ட மரபுகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கைவைத்திருக்கின்றன.

இது இந்தச் சபையோடு நின்ற வித்தை இல்லை. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வைத்த ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு, 1984இல் ஒரு யோகா வகுப்பாகத்தான் தொடங்கியது. அதன் வாரிசு அமைப்பான அலெஃப் இப்போதும் பெயரைச் சொல்லாமல் யோகா வகுப்பு, படிப்பு வட்டம் என்று ஆள் சேர்ப்பதாக அந்நாட்டுப் புலனாய்வு நிறுவனம் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரிலும், பத்து வருஷம் பேசாத பள்ளித் தோழன் திடீரென்று போன் போட்டு, "ஒரு சின்ன மீட்டிங் இருக்கு, நேரில் வா சொல்றேன்" என்பதும், என்ன கம்பெனி என்று கேட்டால் நழுவுவதும் நமக்குத் தெரியாததா? அங்கே விற்பது கடவுள் இல்லை, சோப்பும் சத்துமாவும். முறை ஒன்றுதான்.

2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாரா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரின் தாய் இந்தச் சபைக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்து, குடும்பம் நொடித்துப் போயிருந்தது. அபே அந்தச் சபைக்கு வேண்டியவர் என்று நினைத்தே அவர் சுட்டார். கொலைக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் கரடியாய்க் கத்தியும் அசையாத அரசு, அதன் பிறகு ஐந்தே மாதத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த 2022 டிசம்பர்ச் சட்டத்தைப் படித்தால், நான் இவ்வளவு நேரம் சொன்ன கதை பட்டியலாகக் கிடக்கும். நன்கொடை கேட்கும்போது, போகச் சொன்னாலும் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கக் கூடாது. கிளம்ப விரும்புபவரைத் தடுக்கக் கூடாது. நன்கொடை கேட்கத்தான் என்று சொல்லாமல், சுலபமாகத் திரும்ப முடியாத இடத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. வேறு ஒருவரைப் போனில் கலந்தாலோசிக்க விடாமல் மிரட்டக் கூடாது. காதலைக் காட்டிப் பணம் பறிக்கக் கூடாது. ஆவி, முன்னோர் பாவம் என்று பயமுறுத்தக் கூடாது. இவற்றோடு, கேட்பவர் தாங்கள் எந்த அமைப்பு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதையும் கடமையாகச் சேர்த்தார்கள். தடை என்றே எழுதாமல் "கவனம் கொள்ள வேண்டிய கடமை" என்று மென்மையாக எழுதியது எனக்குக் குறையாகவே படுகிறது. 2025 மார்ச் 25 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சபையின் பதிவைக் கலைக்க உத்தரவிட்டது. கலைப்பு என்றால் வரிச்சலுகையும் சட்ட அந்தஸ்தும் போகும், கூடிக் கும்பிடத் தடை இல்லை.

இவ்வளவும் வெளியிலிருந்து அழைக்கப்பட்டு உள்ளே போனவர்களுக்கான பாதுகாப்பு. அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளை யாரும் விருந்துக்கு அழைக்கவில்லை, கைரேகை பார்க்கவும் இல்லை. இரண்டாம் தலைமுறை என்று ஜப்பானில் அவர்களைச் சொல்கிறார்கள். அபேயைச் சுட்டவரும் அப்படி ஒரு தாயின் மகன்தான். அவர்களில் பலர் 2022க்குப் பிறகு வெளியே வந்து, கல்லூரிக் கட்டணம் காணிக்கையாகப் போனதையும், காதலிப்பதற்குத் தடை இருந்ததையும் பேசினார்கள். அந்த டிசம்பரிலேயே சுகாதார அமைச்சகம் குழந்தைகள் நல அலுவலர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. "நரகத்துக்குப் போவாய்" என்று பயமுறுத்திப் பிள்ளையை வழிபாட்டில் கட்டாயப்படுத்தினால், மத நம்பிக்கை காரணமாக இருந்தாலும் குழந்தைக் கொடுமையாகவே அதைக் கையாள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

நன்றி, வணக்கம்.