ஊர் எல்லை ஒன்று, தண்ணீர் எல்லை வேறு: கேப் காட் கழிவுநீர்த் திட்டம்

[திரையில்: கேப் காட் வரைபடம். கடலுக்குள் மடங்கி நீளும் கை போன்ற நிலம்.]

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது கேப் காட். மொத்தம் 15 ஊர்கள். பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். அடியில் இருப்பது மணல். டேங்கிலிருந்து கசியும் நீர் மணலில் இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து, கடைசியில் ஏதாவது ஒரு சிறு குடாவில் போய்ச் சேரும்.

சாதாரண செப்டிக் டேங்க் கிருமிகளை ஓரளவு தடுத்துவிடும். நைட்ரஜனை அவ்வளவாகப் பிடிக்காது. அந்த நைட்ரஜன் குடாவுக்குள் போனால் பாசிக்கு உரம். பாசி மண்டினால் வெளிச்சம் அடியில் இறங்காது, கடற்புல் செத்துப்போகும். அந்தப் புல்லுக்குள் வளரும் சிப்பிகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் இடம் இல்லாமல் போகும்.

[திரையில்: நான்கு ஊர்களின் எல்லைக்கோடுகள். அவற்றின் மேல் நீலத்தில் ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதி.]

சரி, இதை யார் சரிசெய்வது? டேங்க் ஓர் ஊரில், குடா பக்கத்து ஊரில். ஓர் ஊர் பெரும் பணம் போட்டுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினாலும், மேட்டில் இருக்கும் ஊர் சும்மா இருந்தால் குடா தேறாது. மாநில அரசு உத்தரவு போடலாம். ஆனால் குழாய் பதிக்க ஒப்புதல் தருவதும், அதற்கான வரியைச் சுமப்பதும் அந்தந்த ஊர் மக்கள்.

இந்தச் சிக்கலுக்கு 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் பிரிவு 208. ஊர்களைத் தாண்டி ஒரு வட்டாரத்துக்கே கழிவுநீர்த் திட்டம் போட வேண்டும். ஆளுநர் சான்றளிக்க வேண்டும், கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏற்க வேண்டும். அப்படி ஏற்ற திட்டத்துக்கு முரணாகக் கழிவுநீர் வெளியேற்றும் அனுமதி எதையும் கொடுக்க முடியாது. திட்டத்துக்குப் பல் இருப்பது இங்கேதான்.

கேப் காடுக்கு முதல் திட்டம் 1978இலேயே வந்துவிட்டது. அப்புறம் வீடுகள் பெருகின, திட்டம் அப்படியே கிடந்தது. 2011இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2013இல் மாநில அரசு, திட்டத்தைப் புதுப்பிக்கும்படி வட்டாரத் திட்டமிடல் அமைப்பான கேப் காட் ஆணையத்திடம் சொன்னது. புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2015இல். நடுவில் போன 37 ஆண்டுகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

[திரையில்: ப்ளெசன்ட் பே குடா.]

புதிய திட்டம் ஊரை விட்டுவிட்டு நீர்ப்பிடிப்புப் பகுதியை, அதாவது ஒரே குடாவுக்கு நீர் வந்து சேரும் நிலம் முழுவதையும், அலகாக எடுத்துக்கொண்டது. அதன் பலனை ப்ளெசன்ட் பேயில் பார்க்கலாம். ஆர்லீன்ஸ், சாத்தம், ஹார்விச், ப்ரூஸ்டர் ஆகிய நான்கு ஊர்களும் இந்தக் குடாவைச் சுற்றி இருக்கின்றன. 2018இல் இந்த நான்குக்கும் சேர்த்து மாநில அரசு ஒரே அனுமதிப் பத்திரம் கொடுத்தது. மாநிலத்திலேயே இதுதான் முதல். 20 ஆண்டுக் காலம். எந்த ஊர் எவ்வளவு நைட்ரஜனைக் குறைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எப்படிக் குறைப்பது என்பது ஊரின் பாடு.

எனக்குப் பிடித்த இடமே இதுதான், ஏனென்றால் எல்லாரும் குழாயே பதிக்க வேண்டியதில்லை. ப்ரூஸ்டர் தன் பொது கோல்ஃப் மைதானத்தில் உரத்தைக் குறைத்தது, அது நைட்ரஜன் குறைப்புக் கணக்கில் வரவு. மடி க்ரீக் ஓடையின் வாயில் இருந்த குறுகலான மதகுகளை எடுத்துவிட்டு, சாத்தமும் ஹார்விச்சும் சேர்ந்து பாலம் கட்டின. கடல் நீர் தாராளமாக வந்து நைட்ரஜனை அலசிக்கொண்டு போகிறது, அதுவும் வரவு.

பணத்துக்கும் ஒரு வழி செய்தார்கள். 2018இல் ஒரு நிதியம் தொடங்கி, தங்கும் விடுதி, குறுகிய கால வாடகை வீடு ஆகியவற்றின் கட்டணத்தில் 2.75 சதவீதம் வரி வைத்தார்கள். கோடையில் வந்து போகிறவர்களும் பங்கு போடுகிறார்கள்.

2023இல் மாநில அரசு விதியை இறுக்கியது. நைட்ரஜனால் கெடும் பகுதிகளில் இருக்கும் ஊர்கள் இப்படி அனுமதிப் பத்திரம் வாங்கித் திட்டத்தை நடத்தலாம். இல்லையென்றால் அங்குள்ள வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் செப்டிக் டேங்கை நைட்ரஜன் நீக்கும் வகைக்கு மாற்ற வேண்டும், அவகாசம் 5 ஆண்டு.

[திரையில்: மணலுக்கடியில் மெல்ல நகரும் நீர்.]

நிலத்தடி நீர் மெதுவாகத்தான் நகரும். கரையிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டின் நீர் குடாவைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் இன்றைக்கு எல்லா டேங்கையும் மூடினாலும், முன்பே மணலில் இறங்கிய நைட்ரஜன் இன்னும் சில காலம் வந்துகொண்டுதான் இருக்கும்.