காசி ராஜா வெட்டிக்கொடுத்த கிணறு

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்து கிராமம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, காலண்டர் படத்தில் வருகிற மாதிரி கூரை வீடு, ரோஜாக் கொடி, வாத்து நீந்துகிற குளம் என்று ஏதாவது ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பேசிவிடலாம்தான். ஆனால் எனக்கு நினைவு வந்தது ஸ்டோக் ரோ. ஆக்ஸ்போர்ட்ஷயரில், சில்ட்டர்ன் குன்றுகளின் மேலே, ஹென்லிக்கு 5 மைல் மேற்கே இருக்கிற சின்ன ஊர். முதல் தடவை போனபோது வழி தவறித்தான் அந்த ஊருக்குள் நுழைந்தேன். வரிசையாகச் சாதாரண வீடுகள், நடுவில் திடீரென்று இரும்புத் தூண்களின் மேல் ஒரு குவிமாடம். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால் அது கிணறு! சக்கரங்களுக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு குட்டி யானை வேறு நிற்கிறது.

மழைக்குப் பேர்போன நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும், மேலே ஆறும் கிடையாது, ஊற்றும் கிடையாது. களிமண் எடுத்த குழிகளில் தேங்கிய தண்ணீரை வைத்துத்தான் சனங்கள் காலம் தள்ளினார்கள், அதுவும் கோடையில் வற்றிவிடும். நிர்வாகமும் ஒரு காரணம். அந்தப் பக்கத்துப் பழைய பங்குகள், அதாவது ஒரு மாதா கோயிலுக்கு உட்பட்ட வட்டாரங்கள், தேம்ஸ் கரையில் ஆரம்பித்துக் குன்றின் மேல் வரைக்கும் நீட்டமாக நாடா மாதிரி போகும். கோயில், நல்ல நிலம், ஆறு எல்லாம் கீழே, காடும் ஏழைகளும் மேலே. ஸ்டோக் ரோ அப்படிப்பட்ட பங்குகளின் மேல் நுனியில் இருந்த ஊர். அதற்கென்று ஒரு மாதா கோயிலே 1846இல்தான் வந்தது. அதற்கும் 18 வருடம் கழித்துத்தான் குடிக்க நல்ல தண்ணீர் வந்தது.

அந்தத் தண்ணீர் வந்த கதைதான் விசேஷம். பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் என்பவர் வட இந்தியாவில் பெரிய அதிகாரி. அங்கே அசம்கர் பக்கம் 1831இல் ஒரு கிணறு வெட்ட உதவியிருக்கிறார். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்குக்கு அவர் நல்ல சிநேகிதர். பேச்சோடு பேச்சாகத் தன் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறார்: வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா அடித்தாளாம். ராஜா அதை மறக்கவில்லை. பிற்பாடு இங்கிலாந்தில் ஏதாவது தர்மம் செய்ய வேண்டும் என்று தோன்றியபோது, அந்த ஊருக்குக் கிணறு வெட்டிக்கொடுங்கள் என்று ரீடுக்குச் சொல்லிவிட்டார்.

சரி, கிணறு என்றால் நம் தோட்டத்துக் கிணறு மாதிரி நினைக்காதீர்கள். ஆழம் 368 அடி, லண்டனில் இருக்கிற நெல்சன் தூண் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளே இறக்கினாலும் மேலே இடம் மிச்சமிருக்கும். அகலமோ வெறும் 4 அடி. முழுவதும் கையால் வெட்டியது. 4 அடிக்குள் ஒரு ஆள் குனிந்து நிமிர்வதே கஷ்டம், முழங்கை சுவரில் இடிக்கும், அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு காசளவுக்குத்தான் தெரியும், அதிலிருந்துதான் மண் வாளி தலைக்கு மேலே ஆடிக்கொண்டு போகவும் வரவும் செய்யும். 1863 மார்ச் மாதம் ஆரம்பித்து, 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று திறந்தார்கள். செலவு 353 பவுண்டுச் சொச்சம். கைப்பிடியைச் சுற்றி ஒரு வாளி தண்ணீரை மேலே கொண்டுவரவே 10 நிமிடம் ஆகுமாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த ஏற்பாடு. வெட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் யார் பராமரிப்பது? பக்கத்திலேயே ஒரு நிலம் வாங்கிச் செர்ரி மரங்கள் வைத்தார்கள், பழம் விற்ற காசு கிணற்றுச் செலவுக்கு. தோப்புக்குப் பெயர் ஈஸ்ரீ பாக், ராஜா பெயரில். கிணற்றைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எட்டுப் பட்டையில் ஒரு குட்டி வீடு, அது இன்னும் நிற்கிறது. ஊராருக்குத் தண்ணீர் இலவசம். நம் கோயில்களுக்கு மானியம் விட்ட கணக்குத்தான் இது, அதைத் தூக்கி ஒரு இங்கிலீஷ் கிராமத்தில் வைத்திருக்கிறார்கள். அதோடும் ராஜா விடவில்லை. 1882இல் மகாராணி ஒரு கொலை முயற்சியில் தப்பியபோது அந்த ஊருக்கே சாப்பாடு போடச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டு உருகிவிடவும் முடியவில்லை. 1857 கலகத்தில் ராஜா கம்பெனிக்காரர்கள் பக்கம் நின்றவர், ஆகவே அவருடைய தர்மத்தில் அரசியலும் கலந்துதான் இருக்கும். கிணறு வெட்டத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், 1860-61இல்தான் கங்கை யமுனை நடுவே பெரிய பஞ்சம். அது முடிந்த கொஞ்ச நாளிலேயே காசிப் பணம் ஆக்ஸ்போர்ட்ஷயரில் குழி தோண்டுகிறது! இன்னொரு பக்கம் பார்த்தால், பாதி உலகத்தை ஆண்ட நாட்டில், தலைநகரத்திலிருந்து சுமார் 40 மைலில் இருக்கிற ஒரு ஊருக்கு, தான் ஆளுகிற தேசத்திலிருந்து ஒருவர் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. இதை அந்தக் காலத்து லண்டன் கனவான்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ரொம்ப ஆசை, தெரிந்துகொள்ள.

இன்றைக்கு அந்த ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூடம் உண்டு, ஊர் மண்டபம் உண்டு, பப் உண்டு. குழாய் வந்த பிறகு கிணற்றுக்கு வேலை இல்லை, ஆனாலும் ஏறக்குறைய 70 வருடம் அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறது. கொடுத்த ராஜா ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார். அன்றைக்குக் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து இந்தக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்தார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்றாள். கேட்க மறந்துவிட்டேன், நேயர்களே. அடுத்த தடவை போகும்போது கேட்டுக்கொண்டு வருகிறேன். வணக்கம்.