ஸ்பான்சர் போயிட்டா ரைடு என்ன ஆகும்? நேயர் கேள்விக்கு பதில்

சரி அடுத்த கேள்விக்கு போவோம், இது மும்பைல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க, கொஞ்சம் பெரிய கேள்வி, அப்படியே வாசிச்சிடறேன். "அண்ணா, லீவுக்கு அமெரிக்கால ஆர்லாண்டோ போய் டிஸ்னியோட எப்காட் பார்க் பாத்துட்டு வந்தோம். டெஸ்ட் ட்ராக் ரைடு முடிஞ்சு எறங்கினா நேரா கார் ஷோரூமுக்குள்ள கொண்டு போய் விடறாங்க. ஒரு ஆளுக்கு அவ்வளவு டாலர் வாங்கிட்டு எதுக்கு எங்களுக்கு விளம்பரம் காட்டணும்? இந்த ஸ்பான்சர் எல்லாம் இல்லாம இருந்தா பார்க் இன்னும் நல்லா இருக்கும் தானே? அடுத்து இங்க கிட்ஸானியான்னு குழந்தைங்களுக்கான பார்க்குக்கு பசங்கள கூட்டிட்டு போலாம்னு இருக்கோம், பெரிய பையனுக்கு ஒன்பது வயசு, பொண்ணுக்கு அஞ்சு, அங்க இதைவிட அதிகம்னு சொல்றாங்க, போலாமா வேணாமா?"

நல்ல கேள்வி. உங்க கோவம் நியாயமானதுதான், காசு கொடுத்து உள்ள வந்தவங்கள மறுபடி ஒரு கம்பெனிக்கு கஸ்டமரா காட்றது யாருக்குமே புடிக்காது. ஆனா "ஸ்பான்சர் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்"னு சொன்னீங்க பாருங்க, அதுல நான் ஒத்துப்போக மாட்டேன். ஏன்னா நீங்க போன அதே எப்காட்ல ஸ்பான்சர் இல்லாம போனப்ப என்ன ஆச்சுன்றது கண்ணுக்கு முன்னாடி இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போய் சொன்னாதான் புரியும். 1955ல கலிஃபோர்னியால டிஸ்னிலேண்ட் தொறக்குறாங்க, செலவு அந்தக் காலத்துலயே 1 கோடியே 70 லட்சம் டாலர், வால்ட் டிஸ்னிகிட்ட அவ்வளவு பணம் கிடையாது. ஏபிசி டிவி கம்பெனி பணம் போட்டு கடனுக்கும் கேரன்டி நின்னு மூணுல ஒரு பங்குக்கு மேல எடுத்துக்கிட்டாங்க, மீதிக்கு அங்கங்க கம்பெனிங்களுக்கு எடம் விட்டாங்க, ரயிலுக்கு சான்டா ஃபே, ஃபோட்டோ கடைக்கு கோடாக், மெயின் ஸ்ட்ரீட்ல மருந்துக் கடைக்கு அப்ஜான், அந்தக் கடைல வந்தவங்களுக்கு சின்ன பாட்டில்ல வைட்டமின் மாத்திரை சும்மா கொடுத்தாங்க. அதாவது ஸ்பான்சர்ங்கறது நடுவுல வந்து ஒட்டிக்கிட்ட விஷயம் இல்ல, தீம் பார்க்குன்னு நாம இன்னைக்கு சொல்ற அமைப்பு பொறந்ததே அந்தப் பணத்துலதான்.

அப்புறம் இன்னொண்ணு, 1957ல மான்சான்டோ கம்பெனி அங்க முழுக்க பிளாஸ்டிக்ல ஒரு எதிர்கால வீடு கட்டி வெச்சாங்க, அதுக்கு டிக்கெட்டே கிடையாது. அப்ப ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியா கூப்பன் கிழிச்சுக் கொடுக்கணும், இந்த வீட்டுக்கு கூப்பன் வேணாம், ஏன்னா கம்பெனி செலவு பண்ணி வெச்ச காட்சி. விளம்பரம் பாக்கறீங்க, அதுக்கு பதிலா காசு வாங்கல, இது நேர்மையான கொடுக்கல் வாங்கல்னு எனக்கு தோணுது. இன்னைக்கு உங்களுக்கு வலிக்கறது எங்கன்னா, வாசல்லயே மொத்தமா டிக்கெட் காசும் வாங்கிக்கறாங்க, விளம்பரமும் இருக்கு, ரெண்டு பக்கமும் வாங்கறாங்க. அந்த எடத்துல உங்க பக்கம்தான் நியாயம்.

1964ல நியூயார்க்ல உலகக் கண்காட்சி நடந்துச்சு, அதையும் சொல்லணும். அங்க டிஸ்னி ஆளுங்க நாலு காட்சி பண்ணாங்க, ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு ஒண்ணு, ஃபோர்டுக்கு ஒண்ணு, யுனிசெஃபுக்காக பெப்சி பணத்துல ஒண்ணு, இல்லினாய் மாநிலத்துக்கு ஒண்ணு. பொம்மை லிங்கன் எந்திரிச்சு நின்னு பேசினது, குழந்தை பொம்மைங்க பாடற அந்த படகு ரைடு, எல்லாம் அங்க அடுத்தவங்க காசுல செஞ்சு பழகினதுதான், அப்புறம் டிஸ்னிலேண்டுக்கு கொண்டு வந்துட்டாங்க. ஃபோர்டு காரை தள்றதுக்கு கண்டுபுடிச்ச டெக்னிக்தான் பின்னாடி நிக்காம ஓடற பீப்பிள்மூவர் வண்டிக்கு வழி காட்டுச்சு. நாம ஆசையா ஏறி உக்காந்த பாதி விஷயத்துக்கு ஆராய்ச்சி செலவு பண்ணது கம்பெனிங்கதான், இதை மறுக்க முடியாது.

இப்ப எப்காட். 1982 அக்டோபர்ல தொறக்கறாங்க, முன்பாதி முழுக்க ஒரு ஒரு பெவிலியனுக்கு, அதாவது காட்சிக் கூடத்துக்கு, ஒரு ஒரு கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ் போக்குவரத்துக்கு, எக்ஸான் எரிசக்திக்கு, கிராஃப்ட் விவசாயத்துக்கு, கோடாக் கற்பனைக்கு, அந்த பெரிய வெள்ளை உருண்டை முதல்ல பெல் டெலிஃபோன் அப்புறம் ஏடி அண்ட் டி. ஒப்பந்தம்லாம் வருஷக் கணக்குல, கம்பெனி ஆளுங்க வந்து தங்கி இளைப்பாற மாடில தனி லவுஞ்சு கூட உண்டு.

இதுல ஜெனரல் எலக்ட்ரிக், சுருக்கமா ஜிஇ, 1983ல தொறந்த ஹொரைசன்ஸ்னு ஒரு ரைடு இருந்துச்சு, அதைப் பத்தி பேசணும்னா எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். எதிர்காலத்துல மனுஷன் பாலைவனத்துல விவசாயம் பண்றான், கடலுக்கு அடில வீடு கட்றான், விண்வெளில குடும்பம் நடத்தறான்னு காட்டிட்டு கடைசில உங்க வண்டில இருக்கறவங்களே பட்டன் அமுக்கி எந்த வழில வீட்டுக்கு திரும்பணும்னு ஓட்டு போட்டு முடிவு பண்ணலாம், 80கள்ல இது! 1993ல ஜிஇ ஒப்பந்தம் முடிஞ்சு போயிட்டாங்க. 94 கடைசில ரைடை மூடிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி தொறந்தாங்க, எதுக்குன்னா பக்கத்துல ரெண்டு பெரிய பெவிலியன் வேலைக்காக மூட வேண்டியிருந்துச்சு, வந்த கூட்டத்துக்கு போக எடம் வேணும். புதுசா ஒரு ஸ்பான்சரும் வரல, 1999 ஜனவரில நிரந்தரமா பூட்டிட்டு அடுத்த வருஷம் கட்டடத்தையே இடிச்சாங்க, அந்த எடத்துலதான் 2003ல மிஷன் ஸ்பேஸ் வந்துச்சு, அதுக்கு பணம் கொடுத்தது முதல்ல காம்பேக் கம்ப்யூட்டர் கம்பெனி, அப்புறம் அவங்கள வாங்கின ஹெச்பி.

அதே மாதிரி வொண்டர்ஸ் ஆஃப் லைஃப்னு உடம்பு ஆரோக்கியம் பத்தின பெவிலியன், மெட்லைஃப் இன்சூரன்ஸ் 2001ல வெளிய போனாங்க, அப்புறம் கூட்டம் இருக்கற சீசன்ல மட்டும் தொறந்து வெச்சாங்க, 2007 பொறந்ததும் அதுவும் இல்ல. வெள்ளை உருண்டைக்கு 2005ல இருந்து சீமென்ஸ் இருந்தாங்க, 2017ல போயிட்டாங்க, அதுக்கப்புறம் பெருசா புதுப்பிக்கப் போறோம்னு டிஸ்னி அறிவிச்சாங்க, 2020ல கோவிட் வந்ததும் அந்த வேலையை தள்ளிப் போட்டுட்டாங்க, சீமென்ஸோட பழைய லவுஞ்சு இருந்த எடத்துல 2025ல ஒரு பார் தொறந்திருக்காங்க.

நம்ம ஊர் கோயில்ல ட்யூப்லைட்டுல உபயம்னு பேர் எழுதியிருக்கும் இல்லையா, பேர் எழுதினதுல தப்பில்ல, வெளிச்சம் வருதான்னா வருது. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு அது மினுக்கு மினுக்குன்னு அடிக்க ஆரம்பிச்சா மாத்தறது யாரு? உபயதாரர் ஊரை விட்டு போயிட்டார், கோயில் நிர்வாகம் "அது அவர் போட்டது"ன்னு விட்டுடும். எப்காட்ல நடந்தது அச்சா இதேதான். மூட வேண்டியதுன்னா மூடலாம், எந்த ரைடும் சாகாவரம் வாங்கிட்டு வரல, ஆனா டிக்கெட் காசு வாங்கறது பார்க், அப்ப பராமரிப்பு பார்க்கோட பொறுப்பு, ஸ்பான்சர் போயிட்டாங்கன்னு வந்தவங்களுக்கு பாதி செத்த ரைடை காட்டக்கூடாது. அதனாலதான் சொல்றேன், ஸ்பான்சர் பேரு எவ்வளவு பெருசா இருக்குன்னு பாக்காதீங்க, அவங்க போனதுக்கப்புறம் அந்த ரைடு உயிரோட இருக்கான்னு பாருங்க, அந்த பார்க் எப்படிப்பட்டதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

இப்ப உங்க டெஸ்ட் ட்ராக்குக்கு வரேன். எனக்கு அது ரொம்ப நல்ல உதாரணம்னு படுது, நீங்க திட்டினாலும் பரவால்ல. 1999ல தொறந்தப்ப அதுல கதையே கார் கம்பெனி வண்டியை எப்படி சோதிக்கும்ங்கறதுதான், பிரேக் டெஸ்ட், கொதிக்கற அறை, உறைய வைக்கற அறை, கடைசில வெளிய எடுத்துட்டு வந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஒரு சுத்து. ஜெனரல் மோட்டார்ஸ் தினம் செய்யற வேலையே ரைடாயிடுச்சு, அவங்கள எடுத்துட்டா ரைடே இல்ல. 2012ல மாத்தினப்ப நீங்களே ஸ்க்ரீன்ல ஒரு காரை வரைஞ்சு ரைடுல அது எவ்வளவு மார்க் வாங்குதுன்னு பாக்கலாம்னு பண்ணாங்க, 2025ல மறுபடி புதுசு பண்ணி தொறந்திருக்காங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஒரே கம்பெனி கூட நிக்குது, அதனால அந்த எடம் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கு. ஷோரூமை பொறுத்தவரை யாரும் புடிச்சு நிறுத்த மாட்டாங்க, நேரா நடந்து வெளிய போயிடலாம்.

ஆனா கம்பெனி இருந்தா எல்லாம் சரியா இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. கோடாக் இருந்தப்பவேதான் கற்பனை பெவிலியனோட ரைடை 1999ல சுருக்கி, ஜனங்களுக்கு ரொம்ப புடிச்ச ஃபிக்மென்ட்ங்கற ஊதா டிராகனை கிட்டத்தட்ட தூக்கிட்டாங்க, வந்தவங்க அவ்வளவு குறை சொன்னாங்க, 2002ல டிராகனை திரும்ப கொண்டு வந்தாங்க. கருத்துலயும் கம்பெனி கை வெக்கும், அதுவும் உண்மை. 1964 கண்காட்சில ஜிஇக்காக பண்ண காட்சி கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ், ஜிஇ பணத்துலயே ஓடிட்டு இருந்து, 1975ல ஃப்ளோரிடாவுக்கு போனப்ப, நாளைக்கு எல்லாம் நல்லா இருக்கும்னு பாடின பாட்டை எடுத்துட்டு இப்பதான் நல்ல காலம்னு ஒரு பாட்டை போட்டாங்க, கடைல இன்னைக்கு பொருள் விக்கற கம்பெனிக்கு நாளைக்குன்னு சொன்னா ஒத்து வராது. ஜிஇ போய் பல வருஷம் கழிச்சு 90கள்ல பழைய பாட்டு திரும்பி வந்துச்சு.

வெறும் போர்டு மட்டும் மாட்ற ஸ்பான்சர்ஷிப்பும் இருக்கு. லண்டன் ஐ ராட்டினத்தை எடுத்துக்கோங்க, பிரிட்டிஷ் ஏர்வேஸ், அப்புறம் ஈடிஎஃப் மின்சார கம்பெனி, அப்புறம் கோக்க கோலா, அப்புறம் லாஸ்ட்மினிட், பேரும் லைட்டு கலரும் மாறுது, மேல இருந்து பாக்கற லண்டன் அதேதான், அதனால எனக்கு அதுல லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. ஜெர்மனில யூரோபா பார்க்ல ப்ளூ ஃபயர்னு 2009ல வந்த கோஸ்டருக்கு ரஷ்யாவோட கேஸ்ப்ராம் எரிவாயு கம்பெனி ஸ்பான்சர், பின்னாடி அவங்களோட நார்ட் ஸ்ட்ரீம் 2 எரிவாயு குழாய் கம்பெனி, 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் அந்த உறவை முடிச்சுக்கிட்டாங்க, பசங்க ஏறி கத்தற கோஸ்டருக்குள்ள சர்வதேச அரசியல் வந்து உக்காந்துடுச்சு. கோஸ்டர் மட்டும் நிக்காம ஓடுது, ஏன்னா அது பார்க் நடத்தற குடும்பத்தோட கம்பெனியே செஞ்சது.

ஸ்பான்சர்னால வந்தவங்களுக்கு நிஜமாவே சந்தோஷம் கூடின எடமும் இருக்குங்க. 1995ல டிஸ்னிலேண்ட்ல இண்டியானா ஜோன்ஸ் ரைடு வந்தப்ப ஏடி அண்ட் டி வரிசைல நிக்கறவங்களுக்கு ஒரு சின்ன கார்டு கொடுத்தாங்க, சுவத்துல செதுக்கியிருக்கற புரியாத எழுத்தை அந்த கார்டை வெச்சு படிக்கலாம், மணிக்கணக்கா நிக்கற வரிசை ஒரு விளையாட்டா மாறிடுச்சு. எப்காட்லயே கோக்க கோலா எடத்துல பல நாட்டு குளிர்பானம் சும்மா ருசி பாக்கலாம், இத்தாலி பெவர்லின்னு ஒண்ணு கசக்கும் பாருங்க, தெரியாதவங்களுக்கு கொடுத்து மூஞ்சிய பாக்கறதே ஒரு சம்பிரதாயம் ஆயிடுச்சு அங்க. விளம்பரம்தான், ஆனா வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்க ஒண்ணு கெடைக்குது.

கடைசியா கிட்ஸானியா. இதுல நான் இதுவரைக்கும் பேசின மாதிரி பேச மாட்டேன், கொஞ்சம் கண்டிப்பாத்தான் சொல்லுவேன். 1999ல மெக்சிகோ சிட்டில ஆரம்பிச்சது, மும்பைல காட்கோபர்ல 2013ல வந்துச்சு. குழந்தைங்க அளவுக்கு ஒரு சின்ன ஊரு, வேலை செஞ்சா கிட்ஸோஸ்னு அவங்க பணம் சம்பளம், அதை பேங்க்ல போடலாம், செலவு பண்ணலாம். அங்க இருக்கற பேங்க், கடை, ஃபேக்டரி பலதும் நிஜ கம்பெனி பேர்லயே இருக்கும். எப்காட்ல நாம போர்டுக்கு கீழ நடந்து போறோம், இங்க குழந்தை அந்த கம்பெனி யூனிஃபார்மை போட்டுக்கிட்டு அந்த கம்பெனி ஆளாவே நிக்குது, இதுதான் பெரிய வித்தியாசம். எட்டு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்களுக்கு விளம்பரம்னா நம்மள வாங்க வெக்கற வேலைங்கறது புரியாதுன்னு அமெரிக்க உளவியல் சங்கம் 2004லயே அறிக்கை கொடுத்திருக்கு. புரியாத வயசுல யூனிஃபார்ம் மாட்டி விடறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

அதுக்காக போகாதீங்கன்னு சொல்லல. உழைச்சா பணம், பணத்தை எண்ணி செலவு பண்ணனும், அம்மா அப்பா இல்லாம தானா போய் வரிசைல நின்னு பேசணும், இதெல்லாம் குழந்தைக்கு அருமையா கெடைக்குது. உங்க பெரிய பையன் ஒன்பது வயசுன்னு எழுதியிருக்கீங்க, அவன தாராளமா விடுங்க, பொண்ணுக்கு அஞ்சு வயசு, அவளுக்கு தீயணைப்பு வண்டில ஏறி தண்ணி அடிக்கறது மாதிரி, வேலையே விளையாட்டா இருக்கறத முதல்ல பாருங்க, பாக்கெட்ல அடைச்ச தின்பண்டம் கைல கொடுத்து அனுப்பற எடத்தை கடைசிக்கு வெச்சுக்கோங்க, நேரம் இருந்தா போகட்டும். பெரியவங்க அந்த அறைக்குள்ள போக முடியாது, கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பாக்கணும், அதனால எதுக்கு போகணும்னு ரெண்டு பேர்கிட்டயும் வாசல்லயே பேசி வெச்சுக்கோங்க. லீவு நாள்ல கூட்டம் ஜாஸ்தி, முடிஞ்சா ஸ்கூல் நாள்ல ஒரு லீவு போட்டு காலைலயே போயிடுங்க.

அடுத்த கேள்வி யாருதுன்னு பாப்போம்.