1857ஐத் திருத்தியவர்கள் யார்?

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, டர்பன் வட்டாரத்தின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். 'கிறிஸ்தவ விசுவாசத்தைக் காப்பது மரபா, முற்போக்கா?' என்ற தலைப்பில் முற்போக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா, வேதம் ஓர் அணை என்றும், அதில் ஒரு கல்லை உருவினால் ஊரே மூழ்கிவிடும் என்றும் சொன்னார். நல்ல பேச்சு, நானும் கைதட்டினேன். ஆனால் அவர் கல் என்று காட்டியவற்றில் எது வேதம், எது பின்னால் வந்தவர்கள் பூசிய சுண்ணாம்பு என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தென்னாப்பிரிக்காவைவிடப் பொருத்தமான நாடு உண்டா?

1857இல் கேப் பகுதியில் கூடிய, டச்சுக் குடியேறிகள் கொண்டுவந்த டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, புதிதாக விசுவாசத்திற்கு வந்த கறுப்பு, கலப்பின மக்களை இருக்கும் சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்திற்கும் ஒத்தது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட அதே தீர்மானத்தில், சிலருடைய பலவீனத்தின் பொருட்டு அவர்கள் தனியாக ஆராதிக்கலாம் என்றும் இடம் கொடுத்தது. யார் அந்தப் பலவீனர்கள்? நற்கருணை மேசையில் தம் பக்கத்தில் வேறு நிறத்தவர் நிற்பதைப் பொறுக்க முடியாதவர்கள். வேதம் என்ன சொல்கிறது என்று தெரிந்தே, அவர்களுடைய அருவருப்புக்காக அதை ஒதுக்கி வைத்தார்கள். 1881இல் கலப்பின மக்களுக்கென்று தனித் திருச்சபையே எழுந்தது. சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் மரபாயிற்று, மரபுக்குப் பிறகு வசனம் தேடினார்கள். பாபேல் கோபுரத்தில் தேவன் மொழிகளைப் பிரித்தார், ஆகவே இனங்கள் பிரிந்து வாழ்வதே அவர் சித்தம் என்று விளக்கம் பிறந்தது. 1974இல் வந்த பேரவை அறிக்கையிலும் அந்த விளக்கம் இருந்தது. இன்ன இனத்தவர் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரை விட்டு வெளியேற்றப்பட்டுச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இந்த அரங்கில் இருக்கின்றன. ஆதியாகமத்தின் ஓர் அதிகாரத்தைத் தவறாக வாசித்தால் நேட்டாலில் யாருடைய வீடு இடியும் என்பதை அவர்களிடம் கேளுங்கள்.

அதை மாற்றியவர்கள் வேதத்தை மூடி வைத்தவர்களா? பெயர்ஸ் நௌடே அதே டச்சு சபையின் போதகர், அந்தச் சமூகத்தின் செல்லப்பிள்ளை. 1963இல் அவர் பிரசங்க மேடையை விட்டிறங்கிக் கிறிஸ்தவ நிறுவனம் என்ற அமைப்பை நடத்தத் தொடங்கினார்; 1977இல் அரசு அந்த அமைப்பையும் அவரையும் தடை செய்தது. 1982இல் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, இனவெறி ஆட்சிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது கள்ளப் போதனை என்று அறிவித்தது. அதே ஆண்டில், 1881இல் ஒதுக்கிவிடப்பட்ட அந்தத் தனிச் சபையே பெல்ஹார் அறிக்கையை எழுதியது. 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. அதைப் படித்துப் பாருங்கள், ஒற்றுமை, ஒப்புரவு, நீதி என்ற மூன்றையும் வேத வசனங்களை வைத்தே நிறுவுகிறது. அன்று மரபைக் காத்தவர்கள் இவர்களைத்தான் அரசியல்வாதிகள், புரட்சிக்காரர்கள் என்று ஏசினார்கள். இன்று எதிரணி நண்பர்களும் பெல்ஹார் பக்கம்தான் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

'வெள்ளையர் செய்ததற்கு நம் மரபு என்ன செய்யும்?' என்று கேட்கக்கூடும். தஞ்சாவூருக்குப் போவோம். அங்கே நம் முன்னோர் கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதிவாரியாக அமர்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். அவர்களும் முன்னோர் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். இன்று எதிரணியில் கேட்ட சொற்களோடு ஒப்பிட்டால் அதிக வித்தியாசம் இராது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இந்துத் தாய்க்குப் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற மகன், தாயின் உடல் கூடத்தில் கிடக்கும்போது வாசற்படியைத் தாண்டாமல் நிற்கிறான். உள்ளே குத்துவிளக்கு எரிகிறதாம், வாய்க்கரிசி போடச் சொல்வார்களாம், போதகர் கூடாது என்றாராம். பதினாறாம் நாள் உறவெல்லாம் கூடுகிறது. அவன் பங்குக்கு ஒரு வாழையிலை விரித்து வைத்து, யாரும் உட்காராமலே மடித்து எடுக்கிறார்கள். நேட்டாலில் இது அரிதான காட்சி இல்லை. சிலுவையில் உயிர் பிரியும் நேரத்திலும் தம் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தவரின் பெயரால் இது நடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பெண்கள் விஷயத்தில் நான் அதிகம் பேசத் தேவையில்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபை 1992இல் பெண்களுக்குக் குருத்துவம் அளித்தது. அதனால் எந்தக் கோயிலின் கூரையும் இடிந்து விழவில்லை. ஒருபால் ஈர்ப்புள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது இந்த மேடையில் எளிதல்ல, ஆயினும் தவிர்த்தால் நான் பேச வந்ததற்குப் பொருளில்லை. டச்சு சீர்திருத்தத் திருச்சபை அவர்களை 2015இல் ஏற்று, 2016இல் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலை 2019இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிமன்றம் சொல்லியா சபை நியாயத்தைக் கற்க வேண்டும்? பெல்ஹாரில் அப்படி நடக்கவில்லை; அங்கே சபை தானே வேதத்தைத் திறந்தது.

'அப்படியானால் எல்லை எது, எதை வேண்டுமானாலும் மாற்றலாமா?' என்று ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. எல்லையை இயேசுவே போட்டிருக்கிறார்: தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு, இவ்விரண்டு கட்டளைகளிலும் நியாயப்பிரமாணம் முழுமையும் அடங்கியிருக்கிறது என்றார். 1857இன் தீர்மானத்தையும் தஞ்சாவூரின் தனி இருக்கையையும் வாசலில் நின்ற மகனையும் அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள், மூன்றும் தேறாது. முற்போக்கு என்ற பெயரில் நாளை ஒருவர் ஏழையை நசுக்கும் விளக்கத்தைக் கொண்டுவந்தால் அதுவும் தேறாது, நானே எதிர்த்துப் பேசுவேன்.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச எழும் எதிரணி அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். மரபை அப்படியே காக்க வேண்டும் என்றால், 1833க்கு முந்திய தஞ்சாவூர்க் கோயிலில் அவர் எந்தப் பக்கம் அமர்ந்திருப்பார், 1992க்கு முந்திய சபையில் இந்த ஒலிபெருக்கிக்கு முன் வந்து நின்றிருப்பாரா என்பதை அவருடைய பத்து நிமிடங்களுக்குள் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.