மலை ஏறும் பெண்கள் தண்ணீர் குடிக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கேரள எல்லையில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் சித்திரை பிறந்தால் ஒரு வீட்டில் வேப்பம்பூப் பச்சடி, அடுத்த மலையாளி வீட்டில் விஷுக்கணி. பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் கைநீட்டக் காசு வாங்கிவிடுவார்கள். அதையொட்டிப் பெரிய வெள்ளி வரும், வாகமண் குருசுமலைக்கு ஆட்கள் ஏறுவார்கள். அப்புறம் சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் பொதுமக்களுக்குத் திறப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். கம்பம் பக்கத்துச் சனம் பளியங்குடி வழியாக 6 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஏறும்.

இந்த ஏற்றத்தில் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. செவிலியராக வேலை பார்த்த எனக்கு இதுதான் பெரிய கவலை. முந்தின ராத்திரியே குறைத்துக்கொள்வார்கள். கேட்டால், "வழியில எங்கக்கா ஒதுங்குறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. சிலர் விரதமும் இருப்பார்கள். மலைக்காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்காலில் இழுப்பு வந்த பிறகுதான் தெரியும். ஊர் திரும்பினதும் நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் உண்டு.

ஏப்ரல் 7 உலக சுகாதார நாள். 1948இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய நாள் அது. அன்றைக்கு மண்டபத்தில் பேசுகிறோம், சரி. அந்தப் பேச்சு மலையடிவாரத்துக்கும் வர வேண்டும். அன்னதானத்துக்கும் நீர்மோருக்கும் தாராளமாகத் தருகிற நம் ஊர்க்காரர்கள், பெண்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை வைக்கவும் தர வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும். அடிவாரத்திலும் ஜீப் நிற்கும் இடத்திலும் கூடுதலாக வைத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஏறுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலை, கண்ணகி கோயில் இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் விட மாட்டார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்காவிட்டால், ஆறிய வெந்நீர் 1 லிட்டரில் 6 சிறு கரண்டி (டீஸ்பூன்) சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கரைத்துக்கொள்ளலாம். சர்க்கரை, சிறுநீரகம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் குடித்தால் விரதம் குறைந்துபோகாது, அம்மன் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள்.

கூட வந்தவர் உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது மயக்கம் மட்டுமல்ல, வெப்பத் தாக்கு. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே வழியில் இருக்கும் மருத்துவக் குழுவுக்கு ஆள் அனுப்புங்கள்.

ஏலத்தோட்டத்திலும் தேயிலைக் காட்டிலும் வேலை செய்யும் நம் பெண்களுக்கும் இதே கஷ்டம்தான், அவர்களுக்கு வருடம் முழுக்க. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணிமார்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நன்றி, வணக்கம்.